பஸ் ஏறாதவளின் பின்னல்

ஓடிப்போனாளாம்! கேட்கவே காது கூசுகிறது. காலை பதினோரு மணிக்கு, எதிர்வீட்டுக்காரி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவது ஓடுவார்களா? நாற்பத்தாறு வயது. இடது முழங்காலில் வலி. அவள் நடந்தாள். அதுவும் மெதுவாக நடந்தாள். நடப்பதற்கும் ஓடுவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் சன்னலைத் திறந்து வைத்து என்னத்தைத்தான் பார்க்கிறார்களோ.

டிரைவரோடு போனாள் என்கிறீர்கள். அந்த நேரத்தில் அந்த டிரைவர் பதினாலாம் நம்பர் வண்டியில் முப்பது பேரை ஏற்றிக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருந்தார். அதில் இரண்டு பேர் நம் தெருக்காரர்கள். போய்க் கேளுங்கள். கேட்க மாட்டீர்கள். கேட்டால் பேச்சு முடிந்துபோகுமே. அதனால் இப்போது வாயை மூடிக்கொண்டு இதைக் கேளுங்கள்.

வேலை செய்த இடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பேர். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. மற்ற மேசைகளில் ஒரு விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். இவள் ஒரு முனையை மேசை ஆணியில் மாட்டிவிட்டுத் தனி ஆளாக நாலாய் மடித்துப் போடுவாள். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் புருஷன் போய்ச் சேர்ந்தான். ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் பத்தொன்பது வருஷம் அங்கேயே இருந்தாள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில், துணி துவைக்கிற மெஷின் பக்கத்தில் அவள் கட்டில். குளிக்கப் போகிறவர்கள் எல்லாரும் அவள் காலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் மீட்டர் பார்க்கிற உத்தியோகம். இருபத்தெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய், மீட்டர் முன்னால் குந்தி உட்கார்ந்து, போன மாசத்தைவிட ஏன் கூடியிருக்கிறது, ஏன் குறைந்திருக்கிறது என்று யோசித்தே பழகிய மனுஷர். கூடினாலும் சந்தேகம், குறைந்தாலும் சந்தேகம். மாசா மாசம் ஒரே அளவாக இருந்தால் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாது. தங்கச்சி ஒரு கரண்டி கூடச் சாப்பிட்டால், "என்ன, இன்னைக்குப் பசி ஜாஸ்தியா?" என்பார். ஒரு கரண்டி குறைந்தால், "வெளியில ஏதாவது சாப்பிட்டியா?"

வேலை இரண்டு மணிக்கு முடியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். நடுவில் பஸ் நிலையம். ஒருநாள் மழைக்கு அங்கே ஒதுங்கினாள். உள்ளே சுவரோரம், குளிருக்காக வெந்நீர்க் குழாய் ஓடுகிற இடத்தில் ஒரு நீள பெஞ்சு. குழாயின் சூட்டில் முதுகு இதமாக இருக்கும். அந்த பெஞ்சில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருத்தி உட்கார்ந்து கம்பளி நூலில் என்னவோ பின்னிக்கொண்டிருந்தாள். மழை விட்ட பிறகும் மடிப்பக்கா எழுந்திருக்கவில்லை.

"பார்த்துட்டே இருந்தா வராது. இந்தா பிடி" என்று நர்ஸம்மா ஊசிகளைக் கையில் திணித்தாள். அவ்வளவுதான் ஆரம்பம்.

ஆறு மாசத்தில் அந்த பெஞ்சில் நாலு பேர் ஆனார்கள். டிக்கெட் கவுண்ட்டரில் உட்காருகிற பெண் ஒருத்தி, கூட்டமில்லாத நேரத்தில் வந்து உட்காருவாள். நாலாவது ஆள்தான் நீங்கள் நாக்கில் போட்டு மெல்லுகிற டிரைவர். விரல் மரத்துப்போகிறது, விரலுக்கு வேலை கொடு என்று டாக்டர் சொன்னாராம். அவர் பந்து உருட்டியிருக்கலாம். பின்ன வந்தார். ஊசியில் ஏறுகிற ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணி என்று பேர். டிரைவர் போடுகிற கண்ணியில் பட்டாணி உருண்டு மறுபக்கம் வந்துவிடும், அத்தனை தொளதொளப்பு.

"அண்ணே, இது ஸ்வெட்டரா, மீன் வலையா?" என்பாள் டிக்கெட்காரி.

"காத்து போகட்டும்மா. உள்ள ஒரு மனுஷன் இருக்கான்ல" என்பார் அவர்.

அந்த பெஞ்சுக்கு ஒரு பழக்கம் உண்டு. இதைக் கவனமாகக் கேளுங்கள், வம்பு முழுக்க இதிலிருந்துதான் வந்தது. பின்னலை வரிசை நடுவில் விட்டுவிட்டு எழுந்தால் கண்ணி ஊசியிலிருந்து நழுவும். ஆனால் பஸ் நிலையத்தில் யாராவது எழுந்துகொண்டேதான் இருக்க வேண்டியிருக்கும். கவுண்ட்டரில் மணி அடிக்கும். வண்டி புறப்படுகிற நேரம் வரும். அதனால் எழுகிறவர் பின்னலைப் பக்கத்து மடியில் வைத்துவிட்டுப் போவார். பக்கத்திலிருப்பவர் தன் பின்னலைக் கீழே வைத்துவிட்டு இதைத் தொடர்வார். திரும்பி வந்தவர் விட்ட இடத்தைத் தேட மாட்டார், இருக்கிற இடத்திலிருந்து பின்னுவார். இன்னொருவர் போட்ட வரிசையைப் பிரிக்கக் கூடாது என்பது நர்ஸம்மா போட்ட சட்டம். அங்கே பின்னிய எந்த உருப்படியானாலும் அதில் நாலு பேர் கையும் இருக்கும்.

அவளுக்கு இரண்டிலிருந்து ஐந்து வரை அந்த மூன்று மணி நேரம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "என்ன கலர் இது?" "யாருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பதிலுக்குக்கூட நிற்க மாட்டார்கள். ஒருதரம் பெட்டியும் கையுமாக ஒரு பெரிய மனுஷர் பின்னலைப் பார்த்தபடியே நின்று தன் வண்டியைக் கோட்டைவிட்டார். அன்றைக்கு நாலு பேரும் சிரித்த சிரிப்பில் நூல் பந்து உருண்டு எட்டாம் நம்பர் வண்டிக்கு அடியில் போய்விட்டது. அவள் அப்படிச் சிரித்து அந்த வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை.

ஆனால் பஸ் நிலையத்திலும் கண் இருக்குமே. "எந்த ஊருக்கும்மா?" என்று முதல் மாசம் மேலாளர் தினமும் கேட்டார். "எந்த ஊருக்கும் இல்லீங்க." இதைவிட மோசமான பதில் ஒரு பஸ் நிலையத்தில் கிடையாது. பக்கத்தில் உட்காருகிறவர்கள் பையைக் கொஞ்சம் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். பஸ் ஏறாதவள் பஸ் நிலையத்தில் என்ன பண்ணுகிறாள்?

அதே கேள்வியை எதிர்வீட்டுக்காரி அண்ணியிடம் கேட்டாள். பஸ் நிலையம் அந்த எதிர்வீட்டுக்காரி வண்டி மாறுகிற இடம். "உங்க நாத்தனார் ரொம்ப வருஷமா ஊருக்குப் போகாம ஊருக்குப் போற இடத்துலயே உக்காந்திருக்காளே, ஏதாவது நேர்த்திக்கடனா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாளாம். "பக்கத்துல ஒரு டிரைவர் வேற" என்று அதே சிரிப்பில் சேர்த்தாளாம்.

அண்ணி அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் பயம். மறுநாளிலிருந்து மடிப்பக்காவின் பை இடம் மாறி இருக்கும். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தது மெஷின் மேல் இருக்கும். ஊசிகள் வலமிருந்து இடமாகத் திரும்பியிருக்கும். ஒருநாள் நூல் பந்தை யாரோ முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றியிருந்தார்கள். பந்துக்குள் டிரைவர் எழுதின சீட்டு தேடினார்களோ என்னவோ, யார் கண்டார்கள்.

அந்தச் சமயம் அவள் பின்னிக்கொண்டிருந்தது யாருக்கு என்கிறீர்கள்? அண்ணனுக்கு. சாம்பல் நிற ஸ்வெட்டர். அதிகாலையில் மீட்டர் பார்க்கப் போகிறார், மார்பில் சளி கட்டுகிறது என்று. நடுவில் ஒரு வாரம் பஸ் நிலையத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பெஞ்சுகளை வெளியே அடுக்கிவிட்டார்கள். அந்த வாரம் அவள் வீட்டிலேயே, கட்டிலில் உட்கார்ந்து பின்னினாள். அதே வாரம்தான் அண்ணி தன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாள். இந்த இரண்டும் ஒன்றாய் வந்தது அவள் கெட்ட நேரம்.

ஸ்வெட்டர் முடிந்தது. அண்ணன் போட்டுப் பார்த்தார். தோள் சரி, கை சரி. வயிற்றுக்கு நேரே மட்டும் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, பெல்ட் போட்ட மாதிரி இறுக்கிப் பிடித்தது.

"வயிறு போட்டுட்டேனா?" என்றார்.

அண்ணி கிட்டே வந்து அந்தப் பட்டையைத் தடவினாள். பள்ளிக்கூடத்தில் அவளும் பின்னல் படித்தவள். மேலே தடவினாள், கீழே தடவினாள். "கழட்டுங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் அரை நாள் லீவு போட்டார். மீட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்தில், நேரப் பலகைக்குப் பின்னால் போய் நின்றார். கவுண்ட்டர் மணி அடித்தது, டிக்கெட்காரி எழுந்தாள். அவள் பின்னலை மடிப்பக்கா வாங்கிக்கொண்டாள். மடிப்பக்காவின் பின்னல் சும்மா கிடந்தது, அதை டிரைவர் எடுத்துத் தொடர்ந்தார். நாலு வருஷமாகத் தினம் நடக்கிற காரியம். பலகைக்குப் பின்னாலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி. 'என் தங்கச்சி மடியிலிருந்து ஒருத்தன் எடுத்தான்' என்றுதான் அவர் கண்ணில் பதிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அண்ணி ஸ்வெட்டரை அதன்மேல் விரித்தாள்.

"இந்தப் பட்டையைப் பின்னினது யாரு?" என்றார் அண்ணன்.

"நான்தாண்ணா."

"மேல இருக்கிறது?"

"அதுவும் நான். நடுவுல அங்கங்க மத்தவங்க ரெண்டு ரெண்டு வரிசை போட்டிருப்பாங்க."

"பார்த்தீங்களா, அவ வாயாலயே வருது" என்றாள் அண்ணி. "மேல இருக்கிறது பொம்பளை கை. தளர்வா, அழகா இருக்கு. இது ஆம்பளை கை. எப்படி இழுத்துப் பிடிச்சிருக்கான் பாருங்க. ரெண்டு வரிசை இல்ல, நாலு விரக்கடை. ஒரு வாரம் உக்காந்து போட்டிருக்கான். எந்த வாரம்? சுண்ணாம்பு அடிச்ச வாரம். அங்க பெஞ்சு இல்ல, இங்க நானும் இல்ல. அப்ப எங்க உக்காந்து போட்டான்?"

மடிப்பக்காவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஸ்வெட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணி, இந்த வீட்டுக்கு யாரும் வரல. சத்தியமா அந்த வாரம் நான்தான் கட்டில்ல உக்காந்து பின்னினேன். டிரைவரண்ணன் கை தொளதொளன்னு இருக்கும், நீங்க வேணா..."

"அவன் கை எப்படி இருக்கும்னு இவளுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றாள் அண்ணி, அண்ணனைப் பார்த்து.

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "நீதான்னா ஏன் மாறிப்போச்சு? ஒரே ஆள், ஒரே ஊசி, ஒரே நூல். ரீடிங் மட்டும் எப்படி மாறும்? இதுக்குப் பதில் சொல்லு. சொல்லிட்டா நீ இங்க இரு. இல்லேன்னா நான் வேற மாதிரி யோசிக்கணும்."

அவளுக்கே தெரியவில்லை. பட்டையைப் பார்த்தாள். தன் கை மாதிரியே இல்லை அது.

அண்ணி உள்ளே போய் மிச்சமிருந்த நூலும் அதே ஊசிகளும் கொண்டுவந்து மேசையில் போட்டாள். "இப்ப பின்னு. எங்க கண்ணு முன்னாடி. பத்து வரிசை."

பின்னினாள். அண்ணன் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது விரல்கள் ஒவ்வொரு கண்ணிக்கும் நூலை ஒரு தரம் கூடுதலாக இழுத்தன. விட்டால் நழுவிவிடும் என்று பயந்தது போல. பத்து வரிசை முடிந்ததும் அண்ணன் வாங்கினார். இரும்பு ஸ்கேலை வைத்துக் கண்ணிகளை எண்ணினார். ஸ்வெட்டரின் மேல்பகுதியில், ஸ்கேலில் இரண்டு அங்குலத்துக்கு எட்டுக் கண்ணி. பட்டையில் பதினொன்று. இப்போது பின்னியதில் பதினொன்று. இன்னொரு தரம் எண்ணினார். பதினொன்று.

அண்ணியின் முகம் விழுந்துபோயிற்று. அண்ணனுக்கு நிஜமாகவே சந்தோஷம். "அப்பாடா. இவ கைதான்" என்று ஸ்கேலைக் கீழே வைத்தார். தங்கச்சி தலையில் கைவைத்தார்கூட. கெட்டவர் இல்லை என்று அதனால்தான் சொன்னது.

ஆனால் அவள் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் எட்டு. வீட்டில் பதினொன்று. அந்தச் சுண்ணாம்பு வாரம் முழுக்க அவள் கட்டிலில் உட்கார்ந்து, காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே பின்னியிருக்கிறாள். வீட்டில் அண்ணியே இல்லாத வாரம் அது. அப்போதும் கை பயந்திருக்கிறது. பத்தொன்பது வருஷமாக இந்தக் கையோடுதான் இங்கே இருந்திருக்கிறாள், தெரியாமல்.

அண்ணன் தாராளமாக இருந்தார். "போம்மா, தாராளமா போய் உக்காரு. ஆனா கை மாத்துற வேலை வேண்டாம். நேரப் பலகைக்குப் பின்னால நின்னு நானே பார்த்தேன். உன்னுது உன் கையிலேயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை பின்னினதைக் கொண்டாந்து அண்ணிகிட்ட காட்டிடு. நானும் ஒரு பார்வை பார்த்துக்கறேன். ஊர் வாயை அடைக்கணும்ல."

"சரிண்ணா" என்றாள். அவள் வேறு என்ன சொல்லிப் பழக்கம்?

முதல் ஞாயிறு அண்ணி அளவு நாடாவோடு உட்கார்ந்தாள். "நாலு விரக்கடைதான். ஆறு நாள், நாளைக்கு மூணு மணி நேரம். என் வேகத்துக்கே எட்டு வரணும். மீதி நேரம் என்ன பண்ணின?"

"பேசிட்டிருந்தோம் அண்ணி."

"யார்கிட்ட? என்ன பேச்சு?"

அண்ணன் தன் பாக்கெட் நோட்டில் நாலு என்று குறித்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் அவள் பெஞ்சில் தலை நிமிரவில்லை. எட்டு வர வேண்டுமே. கவுண்ட்டர் மணி அடித்து டிக்கெட்காரி பின்னலை நீட்டியபோது, "இல்லம்மா, எனக்கு நேரமில்ல" என்றாள். அந்தப் பெண் ஒருமாதிரிப் பார்த்துவிட்டு நர்ஸம்மா மடியில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணன் இங்கே வந்து நின்றது இவர்களில் யாருக்கோ தெரிந்திருக்கும் என்றும், எதிர்வீட்டுக்காரிக்கு நேரம் காலம் சொல்வது இவர்களில் ஒருவர்தானோ என்றும் அவளுக்கு மனசில் ஓட ஆரம்பித்தது. டிக்கெட்காரி தினமும் எத்தனை பேரோடு பேசுகிறாள். டிரைவர் வண்டியில் அந்த எதிர்வீட்டுக்காரி வருகிறாள். ஒரே வீட்டில் இருந்தால் சளி ஒட்டிக்கொள்கிற மாதிரி சந்தேகம் ஒட்டிக்கொண்டது. நேரப் பலகைப் பக்கம் யாராவது நின்றால் இவள் விரல் நின்றுபோகும்.

டிரைவர் ஒருநாள், "என்ன தங்கச்சி, நாலு நாளா என் முகத்தையே பார்க்க மாட்டேங்கற?" என்றார். அவள் நேரப் பலகையைப் பார்த்துவிட்டு மறுபடி பின்னலில் குனிந்தாள். அவர் மறுநாளிலிருந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை நர்ஸம்மா கேட்காமலே அவள் பின்னலை எடுத்து விரலால் இழுத்துப் பார்த்தாள். இழுபடவில்லை. அட்டை மாதிரி விறைத்திருந்தது.

"ஏண்டி, இங்கயும் இப்படி ஆயிடுச்சா?" என்றாள்.

அவள் மடியில் கிடந்ததைப் பார்த்தாள். எண்ண வேண்டியதே இல்லை. பதினொன்றுதான். முதுகுக்குப் பின்னால் குழாய் சூடாகத்தான் இருந்தது, வண்டிகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தன, ஆனால் அந்த மேசை இங்கேயும் வந்துவிட்டது. உலகத்தில் அவள் கை தளர்ந்திருந்த ஒரே இடம் இது. அதுவும் போய்விட்டால் பிறகு எங்கே போய் உட்காருவது?

பின்னலைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, "உங்க மாடி ரூமுக்கு ஆள் பார்த்துட்டிருந்தீங்களே, கிடைச்சாச்சா?" என்று கேட்டாள்.

"ஆள் கிடைச்சா சொல்லுன்னு உன்கிட்டதானே சொல்லி வெச்சிருந்தேன். மழை பெஞ்சா ஒரு மூலையில ஒழுகும். அதையும் சொல்லிட்டேன்."

"எந்த மூலை?"

"ஏன், கட்டிலை எங்க போடறதுன்னு பார்க்கறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் நர்ஸம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. "சன்னலோர மூலை" என்றாள் மெதுவாக.

மறுநாள் ஞாயிறு. காலையில் வீட்டு வேலையெல்லாம் முடித்தாள். மெஷினிலிருந்து துணியை எடுத்து உலர்த்தினாள். தன் புடவைகளை விரிப்பு மடிப்பது போல நாலாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். கூடத்துக்கு வந்தபோது அண்ணி நாடாவை எடுத்து வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் நோட்டைத் திறந்திருந்தார்.

"கொண்டா, இந்த வாரம் எவ்வளவு?" என்றாள் அண்ணி. அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தாள்.

"நான் தனியா ரூம் எடுத்திருக்கேண்ணா. நர்ஸம்மா வீட்டு மாடியில."

அண்ணன் எழுந்தார். கோபம் இல்லை, குழப்பம். "ஏம்மா? அதான் உன் மேல தப்பில்லன்னு ஆயிடுச்சே! நானே ஸ்கேல் வெச்சுப் பார்த்தேனே!"

"பார்த்தீங்கண்ணா."

"அப்புறம் என்ன? இப்பப் போனா ஊர் என்ன சொல்லும்? சும்மா இருந்த வாய்க்கு நீயே தீனி போடற. அந்த டிரைவர்னுதான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்ணா."

"சொல்லட்டுமாம்! கேளுங்க, கேளுங்க" என்று அண்ணி நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டியதையே மறுபடி பிரித்துச் சுருட்டினாள். "நான் அப்பவே சொன்னேன். ஆள் யாருன்னுதான் தெரியல."

அண்ணன் வாசல்படியில் வந்து நின்றுகொண்டார். மறிக்கிறாரா, வழியனுப்புகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. "நிஜத்தைச் சொல்லிட்டுப் போ. அங்க யாரு இருக்கா?"

"நாலு பேர் இருக்கோம்ணா."

அவர் அதை நம்பலாமா வேண்டாமா என்று முகத்தையே பார்த்தார். மீட்டரைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு பார்க்கப் பொறுக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"பெட்டி கனமா இருக்கு. கொஞ்சம் நகருங்கண்ணா" என்றாள்.

நகர்ந்தார். எதிர்வீட்டு மாடியில் துணி உதறுகிற சத்தம் நின்றது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, வலிக்கிற காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.